பேனா வரும்வரை

என் கைப்பையில் எப்போதும் இரண்டு பேனாக்கள் இருக்கும். ஒன்று நான் எழுதுகிற இங்க் பேனா. இன்னொன்று, கேட்பவர்களுக்குக் கொடுப்பதற்கென்றே வைத்திருக்கும் பால் பாயிண்ட். வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவளிடம் ஜனங்கள் முதலில் கேட்பது பேனாவைத்தான். இங்க் பேனாவை அடுத்தவர் கையில் கொடுத்தால் நிப் அவர்களுடைய சாய்வுக்குப் பழகிவிடும், பிறகு நம்மோடு ஒத்துழைக்காது என்று சின்னம்மா சொல்லுவார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. சின்னம்மா சொன்னதால் இத்தனை வருடமாகக் கடைப்பிடிக்கிறேன்.

சின்னம்மா என் அம்மாவுக்குக் கடைசித் தங்கை. சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் புரூஃப் பார்த்தார். தினசரி காலண்டரின் ஒவ்வொரு தாளிலும் நல்ல நேரம், ராகு காலம், யாருக்குச் சந்திராஷ்டமம் என்பதெல்லாம் பிசகாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஐந்து வேளையும் தொழுகிற வீட்டில், இன்றைக்குச் சூலம் எந்தத் திசையில் என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். தன் நிக்காஹுக்கு நேரம் குறித்தபோதுகூட, "அது குளிகை நேரமாச்சே. குளிகையில செஞ்சா திரும்பத் திரும்ப நடக்குமாம்" என்று சிரிக்காமல் சொல்லி, பெரியம்மாவிடம் முதுகில் ஒரு அடி வாங்கினார்.

அவருடைய பேனாக்கள் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. யாரோ சவூதியிலிருந்து பேரீச்சம்பழம் கொண்டுவந்த பெட்டி. கல்யாணப் பத்திரிகைக்கு ஒட்டுகிற வெல்வெட்டில் மீந்த துண்டுகளைக் கம்பெனியிலிருந்து வாங்கி வந்து உள்ளே விரித்திருந்தார். உள்ளே இருக்கும் மை வெளியே தெரிகிற கண்ணாடிப் பேனா ஒன்று. சுண்டுவிரல் அளவில் ஒன்று. எல்லாவற்றுக்கும் நடுவில், கெட்டி ரப்பரில் கடைசல் பிடித்த கறுப்புப் பேனா. அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் கைச்சூட்டுக்கு வந்துவிடும். லேசாக ரப்பர் வாசனை அடிக்கும்.

சில பேர் நல்ல பேனாவை நல்ல நாளுக்கென்று எடுத்து வைப்பார்கள். சின்னம்மா அப்படியில்லை. மளிகைக் கடைக்கு எழுதிக்கொடுக்கும் சீட்டில் உளுந்தம்பருப்பு ஒரு நிறத்திலும் சீரகம் ஒரு நிறத்திலும் இருக்கும். அடுப்படி டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டியதும் அவர்தான். ஈரக்கை பட்டு, மல்லித்தூள் என்பது ஒரு ஊதாக் கறையாகிவிட்டது. பெரியம்மா கொஞ்ச நாள் மோந்து பார்த்துத்தான் குழம்பு வைத்தார்.

கம்பெனிக்கு டைரி பேப்பர் புதிதாக வந்தால் ஒரு தாள் வீட்டுக்கும் வரும். எல்லாப் பேனாவாலும் அதில் ஒரே வரியை எழுதி, மை ஊறிப் பரவுகிறதா, பின்பக்கம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை பேனா கழுவும் நாள். நிப்பைத் தண்ணீரில் இறக்கியதும் மை நூல் நூலாகப் பிரிந்து கீழே போகும். நான் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்ப்பேன். பிறகு எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து போனில் ஒரு குழுவுக்கு அனுப்புவார். எந்தெந்த ஊரிலோ இருந்த பேனாப் பிரியர்கள், அந்த மை என்ன, இந்த நிப் என்ன என்று கேட்பார்கள். "மொகம் தெரியாதவுககிட்ட என்னடி பேச்சு?" என்பார் பெரியம்மா. "மொகம் எதுக்கு? கையெழுத்து தெரியுதே" என்பார் சின்னம்மா.

மாப்பிள்ளை வீடு விருதுநகர். பருப்பு வியாபாரம். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா சின்னம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "விரல்ல என்னம்மா கறை?" என்று கேட்டார். பெரியம்மா முந்திக்கொண்டு, "மருதாணி" என்றார். கறை நல்ல நீலமாக இருந்தது. அந்தம்மா இன்னொரு தடவை விரலைப் பார்த்துவிட்டுக் கையை விட்டார். காபியைக் குடித்து முடித்துவிட்டு, "கல்யாணத்துக்குப் பெறகு வேலைக்கெல்லாம் போக வேண்டாம். வீட்டுலயே நெறையா வேலை கெடக்கு" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். சின்னம்மா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவரிடம் யாரும் எதுவும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சின்னம்மா இரண்டு கையிலும் மருதாணியோடு ஒரு அறையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இன்னொரு அறையில் பெரியம்மா சாமான் கட்டிக்கொண்டிருந்தார். பேனாப் பெட்டி கைக்கு வந்ததும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு முக்காலி போட்டு ஏறி, பரணில் கிடந்த பித்தளை அண்டாவுக்குள் அதை வைத்தார். இறங்கும்போதுதான் வாசலில் நிற்கும் என்னைப் பார்த்தார்.

"போற வீட்டுல அவளுக்கு இதெல்லாம் எதுக்கு? நீ பெரியவளானதும் ஒனக்குத்தான்" என்றார்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பென்சில்தான். ஆறில் எந்தப் பேனாவைக் கொண்டுபோவது என்று அன்றைக்கே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். சின்னம்மா போவது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டி இருக்கப் போகிறதே.

மறுநாள் மண்டபத்தில், பெண்கள் இருந்த அறைக்கு மாமா இரண்டு சாட்சிகளோடு வந்தார். மாமா என் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அண்ணன். கையில் பள்ளிவாசல் கல்யாணப் பதிவேடு. இன்னாருடைய மகனை உனக்கு நிக்காஹ் செய்துவைக்கச் சம்மதமா என்று முறைப்படி கேட்டார். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் சின்னம்மாவின் பட்டுச்சேலை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சின்னம்மா பதிவேட்டைப் பார்த்தார். பிறகு, "என் பேனா எங்கண்ணே?" என்றார்.

மாமா தன் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து நீட்டினார். "இந்தா, இதுலயே போடும்மா. நல்லா எழுதும்."

"எழுதும்" என்றார் சின்னம்மா. ஆனால் வாங்கவில்லை. "என் கறுப்புப் பேனாவ எடுத்துட்டு வாங்க. நான் அதுலதான் போடுவேன்."

குரலை உயர்த்தவில்லை. உப்பு எடுத்துக் கொடு என்று கேட்பதைப் போலத்தான் கேட்டார். மாமா சாட்சிகளைப் பார்த்தார். சாட்சிகள் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

இந்தச் சேதி மண்டபத்துக்குள் நடந்து போனபோது வழியில் உருமாறிவிட்டது. பேனா இல்லையாம் என்று எங்கள் அறையிலிருந்து கிளம்பியது, மை இல்லையாம் என்று கூடத்துக்குப் போய், பந்தி போடுகிற இடத்தை எட்டும்போது பொண்ணுக்கு மனசு இல்லையாம் என்று ஆகியிருந்தது. பிரியாணி அண்டாவைத் திறக்கலாமா என்று கேட்டு சமையல்காரர் ஆள் அனுப்பினார்.

பெரியம்மா குனிந்து சின்னம்மாவின் காதோடு பேசினார். "எல்லாரும் பாக்காகடி. எதுலயாச்சும் போட்டுத் தொலையேன்."

"எங்கன வச்சீக?"

"எனக்கென்ன தெரியும்? கல்யாண வீட்டுல எது எங்கன கெடக்கோ."

எனக்குத் தெரியும். விடை தெரிந்த கேள்வியை யாராவது கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. வகுப்பிலும் அப்படித்தான். "பரண்ல, அண்டாவுக்குள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். என் பெட்டி போயிற்று என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அப்பாவை எங்கள் வீட்டில் அத்தா என்போம். அத்தா பைக் சாவியை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஆண்கள் பக்கமாகத்தான் வெளியே போக வேண்டும். மேடையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். மாலை அவர் முகவாய் வரைக்கும் இருந்தது. அத்தாவைப் பார்த்ததும் கையசைத்துக் கூப்பிட்டார்.

"என்னண்ணே? ஆளுக்கு ஒண்ணு சொல்றாக."

அத்தாவுக்குச் சங்கடம். "ஒண்ணுமில்ல மாப்ள. கையெழுத்துப் போட அவ பேனாவக் கேக்கா. வீட்டுல இருக்கு. இந்தா, அஞ்சு நிமிசம்."

மாப்பிள்ளை சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "சின்னம்மாகிட்ட எத்தன பேனா இருக்கு?" என்று கேட்டார்.

"ஒரு பெட்டி நெறைய."

"அப்பப் பெட்டியோட எடுத்துட்டு வா."

கறுப்புப் பேனா ஒன்றை மட்டும் எடுத்துக்கொடுத்துவிட்டு மிச்சத்தை அண்டாவுக்குள்ளேயே விட்டுவரலாம் என்று அதற்குள் நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்த பெரியவர், "லுஹருக்கு நேரமாகுதேப்பா" என்றார். மாப்பிள்ளை மாலையைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு, "பேனா வரட்டும் மாமா. நேரமாச்சுன்னா தொழுதுட்டு வந்து உக்காருவோம். நான் எங்கயும் போகல" என்றார்.

வீட்டில் அத்தா முக்காலியில் ஏறி அண்டாவைச் சாய்த்தார். பரண் சூட்டில் ஏதோ ஒரு பேனா கசிந்திருந்தது. பெட்டியை நெஞ்சோடு அணைத்து இறங்கியவரின் வெள்ளைச் சட்டையில், பையை ஒட்டி ஒரு கத்தரிப்பூ நிற வட்டம் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே போய்ப் பைக்கை உதைத்தார். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து, மண்டபம் வரைக்கும் மூடியைத் தடவிக்கொண்டே வந்தேன்.

அத்தா வாசலோடு நின்றுகொண்டார். பெட்டியைச் சின்னம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அவர் உடனே திறக்கவில்லை. என் தோளைப் பிடித்து அருகில் இழுத்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"மாப்பிள்ளையப் பாத்தியா? என்ன சொன்னாக?"

"பேனா வரட்டும், நான் எங்கயும் போகலன்னாக. பெட்டியோட எடுத்துட்டு வரச் சொன்னாக."

"பெட்டியோடயா?"

"ஆமா." என் குறையும் அந்த ஆமாவில் இருந்தது.

"அவுகளாச் சொன்னாகளா, இல்ல அவுக அம்மாகிட்டக் கேட்டுட்டுச் சொன்னாகளா?"

"யார்கிட்டயும் கேக்கல. ஒடனே சொன்னாக."

"நெசமாவா?"

"நெசமாத்தான் சின்னம்மா. மாலையில ஒரு பூவு அவுக வாயிக்குள்ள போயிருச்சு. அதத் துப்பிட்டுச் சொன்னாக."

துப்பியது நான் சேர்த்தது. சின்னம்மா முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சேலை முக்காட்டில் தெரியவில்லை.

கறுப்புப் பேனா காய்ந்திருந்தது. தண்ணீர் கேட்டார். யாரோ ஒரு டம்ளரை நீட்டினார்கள். பதிவேட்டோடு மாமா நிற்க, சாட்சிகள் நிற்க, அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, மருதாணி சிவந்த விரல்களால் நிப்பைத் தண்ணீரில் முக்கி எடுத்தார். நீல நூல் ஒன்று இறங்கிப் பரவியது. மாப்பிள்ளையின் அம்மா வாசலில் வந்து நின்று, "எங்க வீட்டுக்கு வந்து அம்புட்டு என்னத்த எழுதப் போற?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டதாகத் தெரியவில்லை. உண்மையாகவே அவருக்கு அது விளங்கவில்லை போலிருந்தது. சின்னம்மா நிப்பைத் துணியில் ஒற்றிக்கொண்டே, "காலண்டர்தான் மாமி. சீசன் ஆரம்பிச்சிருச்சு" என்றார்.

சின்னம்மா மாமாவைப் பார்த்து, "சம்மதம்ணே" என்றார். கையெழுத்துப் போட்டார். மாமா அவசரமாகப் பதிவேட்டை மூடப் போனபோது கையால் தடுத்து, "ஈரம் காயட்டும்" என்றார். மை காயும்வரை எல்லாரும் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

சின்னம்மா இன்றைக்கும் விருதுநகரிலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வருகிறார். எந்த பஸ் எத்தனை மணிக்கு என்பது மாமியாருக்கு மனப்பாடம். பல வருடம் கழித்து, அன்றைக்கு மாப்பிள்ளை காத்திருக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று சின்னம்மாவிடம் கேட்டேன். எழுதுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார். "தெரியலடி. ஆனா அன்னைக்குத்தான மொதமொதல்ல என்கிட்டச் சம்மதமான்னு கேட்டாக. கையெழுத்துப் போட்டதுக்குப் பெறகு யாரு கேக்கப் போறா?"

இதெல்லாம் அன்றைக்கு எனக்கு எட்டவில்லை. சாயங்காலம் பெண்ணை அனுப்பிவைக்கிற நேரம் கார் வாசலில் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா பேனாப் பெட்டியைக் காட்டி, "அத டிக்கியில போடச் சொல்லுப்பா" என்றார். மாப்பிள்ளை, "பரவால்லம்மா, இருக்கட்டும்" என்று சொல்லி, அதைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கார் நகர்ந்ததும் பெண்கள் எல்லாரும் அழுதார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக நான் அழுதேன். சின்னம்மா மேல் இந்தப் பிள்ளைக்கு எம்புட்டுப் பாசம் என்று சொந்தக்காரர்கள் என் தலையைத் தடவிக்கொடுத்தார்கள். சின்னம்மாவை அழைத்துக்கொண்டு போவது போதாதென்று பேனாவையும் தூக்கிக்கொண்டு போகிறாரே, இப்படிப்பட்ட பேராசைக்கார ஆளுக்கா கட்டிக்கொடுத்தார்கள் என்று நான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துத் தேம்பிக்கொண்டிருந்தேன்.