இரும்பு ஆகாத இடம்

தலையிலிருந்து நாலு ஊசி, தாலிச் சங்கிலியில் கோத்த ஊக்கு மூன்று, வேலிக் கதவைத் திறந்ததும் சாவிக்கொத்து. எல்லாவற்றையும் ஒரு பழைய மைலோ டின்னில் போட்டு வேலிக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் நவமணி உள்ளே போவாள். புல்லுக்குப் பாராங் கத்தி கிடையாது. கையால்தான் பிடுங்குவாள்.

கோப்பெங் பக்கம், ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட தோட்டம். நடுவே வேலி, வேலிக்குள் வெள்ளைக் கூண்டு, கூண்டுக்குள் பூமியின் காந்தத்தை அளக்கும் பெட்டி. தலைக்கு மேலே நூறு கிலோமீட்டரில் பகலெல்லாம் மின்சாரம் கிழக்கே ஓடுகிறதாம். அது ஏறுவதும் இறங்குவதும் பெட்டியில் கோடாக விழும். இரும்பு கிட்டே போனால் கோடு பொய் சொல்லும். நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரன், கோட்டை எங்கே கண்டேன். அவள் ஏச்சைத்தான் கண்டேன். "அண்ணே, அந்த மரத்தத் தாண்டி லோரி வந்துச்சு, டயர்ல காத்து இருக்காது லா!"

ஐம்பது வயது. இடது காலை இழுத்து நடப்பாள். ஃபேக்டரி பஸ் கவிழ்ந்து முறிந்த எலும்புக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்தார்கள். வேலைக்குச் சேரும்போது அதைச் சொல்லவில்லை. சொன்னால் வேலை ஏது? ஆறு வருஷமாகக் கூண்டுக்கு நாலு தப்படி முன்னாலேயே நின்றுவிடுவாள். அதற்கப்பால் உள்ள புல்லை மூங்கில் கழியால் அடித்துச் சாய்ப்பதோடு சரி. "பாம்பு இருக்குண்ணே" என்று எனக்கும் கதை விட்டிருந்தாள்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, நான் குலை ஏற்றிக்கொண்டிருந்தபோது பெட்டியை வைத்து அவளைக் காவலுக்குப் போட்ட பல்கலைக்கழகத்து யுகேந்திரன் அவளுக்குப் போன் செய்தான். கோடு காலையிலிருந்து பள்ளத்தில் கிடக்கிறது. "அக்கா, பெட்டிகிட்ட இரும்பு ஏதாச்சும் போச்சா?"

"இல்ல தம்பி" என்றாள். முகம் செத்துவிட்டது. அன்று காலைதான் ஈரத்தில் சறுக்கி விழுந்து, கூண்டின் மேலேயே கை ஊன்றி எழுந்திருந்தாள்.

திங்கட்கிழமை என் லோரிக்குப் பின்னால் அவன் காடி வந்து நின்றது. அவன் இறங்குமுன் சாவிக்கொத்தைப் பானெட்டில் வைத்தாள்.

"எங்காலுல தகடு இருக்குப்பா. மறைச்சிட்டேன். ஒங்களுக்குத்தான் சுசா, வீண் தொல்ல. வேற ஆளப் பாருங்க."

அவன் சிரிக்கவில்லை. கைப்பேசியை நீட்டினான். தாய்லாந்து, இந்தோனேசியா, எல்லா ஊர்க் கோடும் அதே நேரத்தில் அதே பள்ளத்தில் விழுந்திருந்தது. "சூரியன்லருந்து புயல் அடிச்சிருக்குக்கா. கிழக்க ஓடுற கரண்ட மேக்க திருப்பி விட்டிருச்சு. அத ஒங்க காலா செஞ்சிச்சு? ஆஸ்பத்திரித் தகடு காந்தத்துல ஒட்டவே ஒட்டாது."

"அப்ப அந்தப் பாம்பு?" என்றேன் நான்.

"வாய மூடுங்கண்ணே."

சாவியை எடுத்து டின்னில் போட்டாள். ஊசி, ஊக்கு, எல்லாம் விழுந்தது. உள்ளே போய், வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றாள். கைலிக்கு மேலாகவே தகடு இருக்கும் இடத்தைத் தடவினாள். பிறகு நாலு தப்படியும் நடந்து, அந்தக் காலைக் கூண்டை ஒட்டி நீட்டி உட்கார்ந்து, ஆறு வருஷத்துப் புல்லை வேரோடு பிடுங்க ஆரம்பித்தாள்.