மடித்து வைத்த மஞ்சள் தாள்

சிங்கப்பூரில், ஜூரோங் வட்டாரத்தில் நான் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த தொழிற்சாலை ஆள்குறைப்புச் செய்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிராத முதல் திங்கட்கிழமை, பழக்கத்தில் ஐந்து மணிக்கே எழுந்து குளித்துவிட்டேன். சுவா சூ காங் வீட்டுச் சமையலறையில் கைப்பையோடு நின்றபோதுதான் போவதற்கு இடமில்லை என்பது உறைத்தது.

நான்கு மாதம் கழித்து இந்த வேலை கிடைத்தது. குடியிருப்புப் பேட்டைகளில் இருக்கும் மளிகைக் கடைகளில் ஒரு மடக்கு மேசை போட்டு, உடம்புக்கு நல்லதாக எதையாவது சமைத்து, சாமான் வாங்க வருகிறவர்களுக்குச் சின்னக் காகிதக் கிண்ணத்தில் ஒரு வாய் கொடுக்க வேண்டும். சிவப்பரிசிப் பொங்கல், கேழ்வரகு இட்லி, சர்க்கரையைப் பாதியாகக் குறைத்த கேசரி. பிடித்திருந்தால், அந்தப் பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டிவிட வேண்டும். மூன்று நாள் பயிற்சி, பச்சை ஏப்ரன், கழுத்தில் ஓர் அட்டை. அவ்வளவுதான்.

அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தொழிற்சாலையில் அத்தனை வருடமும் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இங்கே வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். இனிப்புநீருக்கு, அதாவது சர்க்கரை வியாதிக்கு, எந்த அரிசி நல்லது, தேங்காய்ப்பால் சேர்க்கலாமா, பேரப்பிள்ளைக்கு மைலோ கொடுக்கலாமா. ஒரு கிழவர் விளையாட்டாக "டாக்டரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் சிரித்துக்கொண்டே மறுத்தேன். ஆனால் அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய் கணவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சனிக்கிழமைகளில் எனக்குப் புக்கிட் பாத்தோக்கில் ஒரு கடை. பழைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வெங்காய மூட்டைகளும் வாழைத்தார்களும் வாசல்வரை பிதுங்கி நிற்கும். கடைக்காரர் நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். எல்லோரும் அவரை அண்ணன் முறையில் நானா என்போம். அதிகம் பேசமாட்டார். மேசை போட அரிசி மூட்டைகளுக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுத்திருந்தார்.

அந்த மாதம் உப்பு. சோடியத்தைக் குறைத்து, அதற்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பு. ஒரே சாம்பாரை இரண்டு பானையில் வைத்து, ஒன்றில் வழக்கமான உப்பும் இன்னொன்றில் இந்த உப்பும் போட்டு, எது எது என்று கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் தப்பாகத்தான் சொன்னார்கள். கடையே கலகலவென்று இருந்தது.

பயிற்சியில் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொல்லியிருந்தார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த உப்பு ஆகாது, டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, வாயால் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நான்கு மொழியிலும் அதை அச்சடித்த ஒரு மஞ்சள் தாளும் தந்தார்கள். மேசையின் முன்னால் எல்லோருக்கும் தெரியும்படி நிறுத்தி வைக்க வேண்டும்.

முதல் சனிக்கிழமை அதை நிறுத்தித்தான் வைத்தேன். நானாவின் மின்விசிறிக் காற்றில் அது விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு பானை, கிண்ண அடுக்கு, தண்ணீர் பாட்டில், குப்பைப் பை எல்லாம் அந்தச் சின்ன மேசையில்தான். நாலாவது தடவை விழுந்தபோது குனிந்து எடுத்து, நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த பானைக்கு அடியில் செருகினேன். பானை ஆட்டம் நின்றது. நானா கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு பத்து நிமிடம் இருக்கும். தள்ளுவண்டியோடு ஓர் அம்மா வந்தார். அறுபதைத் தாண்டியவர். பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை பார்த்து ஓய்ந்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இரண்டு சாம்பாரையும் குடித்துவிட்டு அப்படியே நின்றார்.

"இதுல உப்பு கம்மியா? நெசமாவா?"

"ஆமாக்கா. கம்மி உப்புதான்."

"எங்க வீட்டுக்காரருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லிட்டாங்க தங்கச்சி. குறைச்சா தட்டைத் தள்ளிவிட்டுடறாரு. ஒரு வாய் எறங்க மாட்டேங்குது. நேத்து ரசத்தை அப்படியே சிங்க்ல கொட்டிட்டாரு."

"அண்ணனுக்கு பிரஷரா?"

"பிரஷரு, இனிப்புநீரு, எல்லாம் இருக்கு."

அந்த 'எல்லாம்' என்ற சொல்லில் நான் நின்றிருக்க வேண்டும். என்னென்ன அக்கா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். "அப்ப இது நல்லது லா அக்கா, பிரஷருக்குத்தான் இதைச் செய்யறதே" என்று சொல்லி, அலமாரிவரை கூடவே போய் இரண்டு பாக்கெட்டை எடுத்து அவருடைய வண்டியில் நானே வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை கடை திறந்ததுமே அவர் வந்துவிட்டார். முகமே வேறாக இருந்தது.

"ரெண்டு தட்டு சாப்பிட்டாரு தங்கச்சி! மீன் கொழம்பு வச்சேன். தட்டை வழிச்சு நக்கிட்டு, என்னடி இன்னைக்குதான் மனுஷன் சாப்பாடு போட்டிருக்கன்னாரு."

எனக்காக ஒரு டப்பாவில் உளுந்து வடை கொண்டு வந்திருந்தார். அதிலும் அந்த உப்புதான் என்றார். வேலையின்போது வாடிக்கையாளரிடம் எதையும் வாங்கக்கூடாது. வாங்கினேன்.

மூன்றாவது வாரம் கணவரையும் அழைத்து வந்தார். உயரமான ஆள். கப்பல் பட்டறையில் பாரந்தூக்கி ஓட்டியவராம். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். அவர் போட்டிருந்த செருப்பின் வாரைக் கத்தரியால் வெட்டி அகலப்படுத்தியிருந்தார்கள். பாதங்கள் அவ்வளவு வீங்கியிருந்தன. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, வயசான கால், வெயிலில் நடந்து வந்திருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாம்பாரை நீட்டினேன்.

"நீதானா அந்த உப்புக்காரி?" என்று சிரித்தார். "என் பொண்டாட்டி உன்னைப் பத்தித்தான் நாள் பூரா பேசறா. இன்னொண்ணு குடு."

இன்னொன்று கொடுத்தேன். மூன்றாவதும் கொடுத்தேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை அவர்கள் வரவில்லை. நான்கு மணிக்கு மேசையை மடிக்கும்போது நானா கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"அந்த அக்கா வீட்டுக்காரரை வியாழக்கெழமை ஆம்புலன்ஸ்ல கொண்டுபோனாங்க. கால் ரெண்டும் வெலவெலத்து பாத்ரூம்லயே விழுந்துட்டாராம். நெஞ்சு ரொம்ப மெதுவா அடிக்குதுன்னு தனி வார்டுல வச்சிருக்காங்க."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பயிற்சியில் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மறுநாள் நான் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் மேசை போட வேண்டும். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனேன்.

வார்டுக்கு வெளியே நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீ வந்தியே தங்கச்சி. இப்பக் கொஞ்சம் பரவால்ல. நேத்துதான் கண்ணைத் தெறந்தாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "என்ன சாப்பிட்டாருன்னு டாக்டர் கேட்டாங்க. வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் எடுத்துட்டு வந்து காட்டினேன். அந்த உப்புப் பாக்கெட்டைப் பார்த்ததும் தாதி, ஐயோ இது கிட்னி வீக்கா இருக்கறவங்களுக்கு ஆகாதேன்னு சொன்னாங்க. அவருக்குக் கிட்னி ஏற்கெனவே பாதி போச்சு. ரெண்டு வருஷமா சொல்லிட்டுத்தான் இருக்காங்க. உன்கிட்ட நான் அதைச் சொல்லல பாரு."

அவர் தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார்.

"நான் கேட்கலையே அக்கா" என்றேன்.

"நீ என்ன பண்ணுவ. பாக்கெட்டு பின்னாடி இங்கிலீஷ்ல போட்டிருக்கானாம், பொடி எழுத்துல. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. தமிழ்ல மட்டும் போட்டிருந்தா படிச்சிருப்பேன்ல? தமிழ் முரசு பேப்பர் தெனம் படிக்கறவ நான்."

தமிழில் இருந்தது. பெரிய எழுத்தில், மஞ்சள் தாளில், மேலிருந்து இரண்டாவதாக. அவர் நின்ற இடத்திலிருந்து ஒரு கை தூரத்தில் பானைக்கு அடியில் இருந்தது. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் வந்த வார்த்தை, "நீங்க சாப்பிட்டீங்களா அக்கா?" என்பதுதான். கீழே போய் அவருக்கு ஒரு ரொட்டியும் காப்பியும் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவரைக் கண்ணோடு கண் பார்க்காமல் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை என் மேற்பார்வையாளரிடம் நானே சொன்னேன். முப்பது வயதுகூட ஆகாத பெண், நல்லவள். பதறிப்போய் ஒரு படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தாள்.

"அக்கா, அந்த நோட்டிஸ் மேசையில டிஸ்பிளே பண்ணியிருந்தீங்கதானே?"

அவள் முகத்தில் இருந்தது சந்தேகம் இல்லை. எனக்காகப் பயந்துகொண்டு, சரியான பதிலை எனக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றேன்.

"வாயாலயும் கேட்டீங்க?"

"பிரஷரான்னு கேட்டேன்."

"ஹெல்த் கண்டிஷன் கேட்டதா போட்டுக்கறேன்" என்று எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்பார்கள் என்றாள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை கடைக்குப் போனதும் நானா என்னைக் குளிர்பெட்டிப் பக்கம் கூப்பிட்டார்.

"போன் பண்ணிக் கேட்டாங்க. நான் கல்லாவுல இருந்தேன், கவனிக்கலன்னுட்டேன்." பார்வையை வெங்காய மூட்டைமேல் வைத்துக்கொண்டே பேசினார். "எனக்கு அது புடிக்கல ம்மா. ஆனா சொல்லிட்டேன். இதைப் பத்தி இனிமே நம்ம பேச வேணாம்."

அதோடு அந்த உப்பை அலமாரியிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். தப்பு உப்பின் மேல் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

அந்த மனிதர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். ஆனால் சிறுநீரகம் மீதியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. எப்படியும் இந்த நிலைக்கு வந்திருக்கும், கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, அந்த அம்மாவும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் அந்த அம்மா வருவார். முன்புபோல் நின்று பேசுவார். "இப்பப் பழையபடி தட்டைத் தள்ளறாரு" என்பார். நான் கொடுக்கும் கிண்ணத்தை வாங்கிக் குடித்துவிட்டு, நல்லாயிருக்கு தங்கச்சி என்பார். அந்த நல்ல வார்த்தையைத் தாங்குவதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

எட்டு மாதம் கழித்து அவருடைய கணவர் இறந்துபோனார். புளோக்கின் கீழே கூடாரம் போட்டிருந்தார்கள். நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, தன் மகளிடம், "இவதான் அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த தங்கச்சி" என்று அறிமுகப்படுத்தினார். மகள் கை கூப்பினாள்.

காரியம் முடிந்த மறுவாரம் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஒன்பதாவது மாடி. தனியாக உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தாள், விசிறிக் காற்று, பானை, படிவத்தில் நான் போட்ட கையெழுத்து. நானா என்ன சொன்னார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவருடைய கையில் கத்தி நிற்கவில்லை. கையில் இருந்த பயற்றங்காயை நறுக்கி முடித்தார். அடுத்ததை எடுத்தார்.

"தமிழ்லயும் இருந்துச்சா அதுல?"

"இருந்துச்சுக்கா."

அந்தப் பயற்றங்காயையும் நறுக்கி முடித்தார். கீழே பஸ் நிறுத்தத்தில் பஸ் ஒன்று நின்று கிளம்பும் சத்தம் கேட்டது.

"அந்த மூணு வாரந்தான் அவரு நல்லா சாப்பிட்டது" என்றார் கடைசியில். "அதை நெனச்சுதான் மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன். இப்ப அதையும் நெனைக்க முடியாதபடி பண்ணிட்டியே."

நான் அழுதேன். அவர் அழவில்லை. தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை நின்றார். கதவுவரை வந்து, "சரி, போயிட்டு வா" என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை.

மேற்பார்வையாளரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். படிவத்தை மாற்றி எழுதினார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்து, மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார்கள். வேலை போகவில்லை. போயிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று சில நாள் தோன்றும்.

சொல்லியிருக்க வேண்டுமா, அந்தப் பாரத்தை நானே சுமந்திருக்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சொன்னது அவருக்காக என்றுதான் அன்று நினைத்தேன். லிப்டில் கீழே இறங்கும்போது நெஞ்சு லேசாக இருந்தது. யாருக்காகச் சொன்னேன் என்று அந்த லேசிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புக்கிட் பாத்தோக் கடையில் இன்னும் சனிக்கிழமைகளில் மேசை போடுகிறேன். போன மாதம் கேழ்வரகுக் களி, இந்த மாதம் பருப்புக் கடைசல். அந்த அம்மாவைப் பற்றி நானாவிடம் ஒரே ஒரு தடவை விசாரித்தேன்.

"நல்லாத்தான் இருக்காங்க" என்றார். "சாமான் வாங்க வராங்க. இப்பல்லாம் செவ்வாய்க்கெழமை வராங்க."