சிங்கக் கொடியோடு வந்த லூக்

காலையில் தபாலில் ஒரு தகர டப்பா வந்தது. திறந்ததும் கறுவாப்பட்டை வாசம் லண்டன் மோர்டனில் இருக்கும் என் வீட்டுச் சமையலறை முழுக்கப் பரவியது. உள்ளே மெல்லிய பிஸ்கட்டுகள், மேலே லூக்கின் மகள் எழுதிய கடிதம். அப்பா போன மாதம் இறந்துவிட்டாராம். எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தில் அவர் பேசியபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அன்று அவர் என்ன பேசினார், எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாள்.

எப்படி எழுதுவேன், சொல்லுங்கள்? அந்தக் கைதட்டல் நான் செய்த திருகுதாளத்துக்குக் கிடைத்தது.

தொண்ணூறுகளில் லூக்கும் இலங்கையிலிருந்து வந்த நானும் லண்டன் ஸ்ட்ரெதத்தில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் எதிரெதிர் மேசைகளில் இருந்தோம். அவர் பெல்ஜியத்தின் வடபாதிக்காரர், டச்சு மொழி பேசும் ஃபிளெமிஷ் இனத்தவர். தேநீர் நேரத்தில் இதே பிஸ்கட்டை நீட்டி, "கறுவா உங்கள் ஊர், மற்றதெல்லாம் என் ஊர்" என்பார். அவருடைய தாத்தாவை, அந்தத் தாத்தாவுக்கே புரியாத பிரெஞ்சு மொழியில் நீதிமன்றத்தில் விசாரித்தார்களாம். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டத்தின் கீழ் வளர்ந்த எனக்கு, அதைக் கேட்ட அன்றே அவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார். அதற்குள் அவர்களுக்கென்று தனிப் பாராளுமன்றம் வந்திருந்தது, நாடும் உடையவில்லை. எங்கள் சங்கத்தில் வந்து அதைப் பேசச் சொன்னேன்.

லூக் புது சூட் போட்டுக்கொண்டு, தன் மக்களின் கொடியோடு வந்தார். மேசைமேல் விரித்தார். மஞ்சள் துணியில் நகம் நீட்டி நிற்கும் கறுப்புச் சிங்கம். இலங்கைக் கொடியில் இருக்கும் சிங்கத்துக்குப் பயந்து ஓடி வந்த கூட்டம் எங்களுடையது. சங்கத் தலைவர் அருளப்பு அண்ணை முன்வரிசையிலிருந்து எழும்பிவிட்டார்.

"தம்பி, உந்தச் சிங்கம் இஞ்சையும் வந்திட்டுதோ?"

"இது வேற சிங்கம் அண்ணை. பெல்ஜியச் சிங்கம்."

"எந்தச் சிங்கமெண்டாலும் கடிக்கும். மடிச்சு வைக்கச் சொல்லு."

சிற்றுண்டி ரோல்ஸ் தட்டு வைக்க மேசை வேண்டுமாம் என்று லூக்கிடம் சொல்லிக் கொடியை மடித்தேன். அது முதல் பொய். மண்டபம் முறைத்துக்கொண்டிருந்தது. பாதிப் பேர் லண்டனுக்கு வந்து சில மாதங்களே ஆனவர்கள், ஆங்கிலம் பழகாதவர்கள். லூக்கின் ஆங்கிலம் மற்றவர்களுக்கும் பிடிபடாது. மொழிபெயர்க்கிறவன் நான். எப்படியாவது லூக்கை அவர்களுக்குப் பிடிக்கவைக்க நினைத்தேன்.

"ஒவ்வொரு முறையும் பாதியை விட்டுக்கொடுத்தோம்" என்றார் லூக். "ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை" என்றேன் நான். கைதட்டினார்கள். "கூட்டம், கூட்டம், மறுபடி கூட்டம். சலிப்பான வேலை" என்றார். "போராட்டம், போராட்டம், மறுபடி போராட்டம்!" என்றேன். விசில் பறந்தது.

பிறகு லூக் சிரித்தபடி தங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் கதையைச் சொன்னார். மொழிச் சண்டையில் அது இரண்டானபோது நூலகத்தையும் பிரித்தார்களாம். ஒற்றை எண் புத்தகங்கள் ஒரு பக்கம், இரட்டை எண் மறுபக்கம். முதல் பாகம் இங்கே, இரண்டாம் பாகம் அங்கே. "முட்டாள்தனம்தான். ஆனால் ஒரு புத்தகத்தைக்கூட எரிக்கவில்லை" என்றார்.

முன்வரிசையைப் பார்த்தேன். எதிரே அருளப்பு அண்ணை. எரிந்துபோன யாழ்ப்பாண நூலகத்தின் புத்தகங்களுக்கு ஒரு காலத்தில் மட்டை கட்டியவர். அன்று சொல்லவேண்டியிருந்த வசனம் அது ஒன்றுதான். நானோ, "கடைசியில் வெற்றி எங்களுக்கே!" என்று முழங்கினேன். மண்டபம் எழுந்து நின்றது.

"அந்தாள் ரெண்டு வசனம் சொல்ல நீ பத்து வசனம் சொன்னனி" என்றார் அண்ணை.

"இங்கிலீஷ் சுருக்கமான பாசை அண்ணை."

லூக்குக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கள் அரசியலுக்கு எங்கள் ஊரில்கூட யாரும் கைதட்டியதில்லை" என்றார். நான் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

லூக் உண்மையில் பேசியதை இன்று அவர் மகளுக்கு ஒரு வரி விடாமல் எழுதிவிட்டேன், கைதட்டல் எதற்கு என்பதையும் சேர்த்து. அந்த மண்டபம் இப்போது ஜிம். மேடை இருந்த இடத்தில் ஓடும் பட்டைகள். ஆட்கள் நின்ற இடத்திலேயே ஓடுகிறார்கள். அருளப்பு அண்ணையும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒற்றை எண், இரட்டை எண் கதையைத் தமிழில் வசனம் வசனமாக அடுக்கி வைத்திருக்கிறேன். பிஸ்கட் இருக்கிறது, தேநீரும் போடலாம். கேட்க அண்ணைதான் இல்லை.