சவுக்குக்கும் சவுக்குக்கும் நடுவே

வேலிச்செடி நடுகிறவனுக்கு வாடிக்கையாளர் ஒருவர்தான். முதலாளிகள் மட்டும் வேலியின் இரண்டு பக்கமும் இருப்பார்கள். பக்கத்து வீட்டுச் சன்னலைப் பார்த்துப் பல்லைக் கடித்தபடி வாழும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் ஏசி அறைக்குள் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு ஊர் திரும்பி, பழவேற்காடு சாலையில் நாற்றுப்பண்ணை வைத்தேன். செடிகளோடு அமைதியாக இருந்துவிடலாம் என்று நினைப்பு. அப்போதுதான் சார் வந்தார்.

ஒற்றைக்கண் பார்வை

சார் ஓய்வுபெற்ற அதிகாரி. சென்னையிலிருந்து சனி ஞாயிறு வந்து போக வீடு கட்டியிருந்தார். மனைக்குப் பின்னால், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், குப்பத்தின் கருவாட்டுக் களம். அதைப் பார்க்கவும் கூடாது, முகரவும் கூடாது என்பது அவர் தேவை. உப்புமண்ணில் சவுக்கு நிற்கும் என்று சொல்லி, கயிறு பிடித்து, நாலு அடிக்கு ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைத்தேன்.

சார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஓர் அடி போதும் என்றார். வளர்ந்தால் நெருக்கும், காற்றே போகாது என்று மன்றாடி இரண்டு அடிக்குக் கொண்டுவந்தேன். அதற்கும் முகம் மலரவில்லை. "செடி வளர்றது உங்க பிரச்சினை. சந்து தெரியக்கூடாது, அது என் பிரச்சினை."

அந்தப் பக்கத்து விசாரணை

களத்தில் நெத்திலி காயப்போடுகிறவள் செல்வி. மறைப்பு வருவதில் அவளுக்கு வருத்தமே இல்லை. காலையில் அரை டிராயரோடு குதித்துக் குதித்து ஓடும் சாரைப் பார்க்காமல் இருப்பதும் ஒரு நிம்மதிதான் என்றாள். கவலை வேறு. கடற்காற்று சாரின் மனை வழியாகத்தான் களத்துக்கு வரும். சாயங்காலத்துக்குள் மீன் சருகாகக் காயாவிட்டால் பொன்னேரி வியாபாரி கூடையைத் தொடமாட்டார். அந்த வாரம் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். நான் குழியைத் தோண்டிக்கொண்டே சமாதானம் சொன்னேன். "இன்னாண்ணா, நீ செடி வெக்கிறியா, காத்துக்குக் கதவு வெக்கிறியா?"

பச்சை மதிலில் நீல வலை

ஒரு வருஷத்தில் சவுக்கு தலைக்கு மேல் போய்விட்டது. சந்தே இல்லை. சார் போனில் பாராட்டினார். அடுத்த வாரமே அவர் போனில் வேறு குரல். அந்தப் பக்கத்துக் கிளைகள் முழுக்க மீன்வலை.

எங்கள் கரையில் ஆள் உயரத்துக்கு எது நின்றாலும் அதில் வலை காயும். கட்சிக் கொடிக்கம்பம்கூடத் தப்பாது. போட்டவன் செல்வியின் புருஷன் சேகர். மிச்சமிருந்த காற்றையும் நீ அடைத்துவிட்டாய் என்று செல்வி அவனை ஏற்கெனவே திட்டித் தீர்த்திருந்தாள். நான் கேட்டதும் சேகருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "சார் இவ்ளோ கிட்ட கிட்ட நட்டாரே, வலை கீழ விழக்கூடாதுன்னுதானே?"

சம்பந்தி வருகிறார்

வலை இறங்கியும் காற்று வரவில்லை. நெத்திலி நமத்து, வியாபாரி இரண்டு கூடைகளைத் திருப்பி அனுப்பினார். காயாத மீனின் வாடை களத்திலேயே கிடந்து ஊறி, விடிகாலையில் நிலக்காற்று எழும்போது நேராகச் சாரின் படுக்கையறைக்குப் போனது. அவர் மகனுக்குப் பெண் கொடுப்பவர்கள் வந்து தங்கப்போகிற சமயம். இன்னொரு வரிசை சவுக்கு நடச் சொன்னார்.

நான் நடவில்லை. அவரைத் தெருப்பக்கம் அழைத்துப்போய், செடியே இல்லாத இன்னொரு களத்தின் ஓரம் நிறுத்தினேன். அங்கே மீன் மொடமொடவென்று காய்ந்திருந்தது. மூக்குக்குப் பெரிய வேலை இல்லை. திரும்பி வரும்வரை சார் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தார். வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு விட்டு ஒண்ணு வெட்டிடுங்க. ஆனா அந்தம்மாவுக்காக வெட்டினதா இருக்கக்கூடாது. செடியோட ஆரோக்கியத்துக்குன்னு சொல்லுங்க."

செடியின் ஆரோக்கியம்

வெட்டிய கழிகளை சேகர் வலை கட்டும் கம்புக்கென்று தோளில் அள்ளிப்போனான். அன்று சாயங்காலமே நெத்திலி சருகாகிவிட்டது. வியாபாரி கூடையை ஏற்றிக்கொண்டார். செடியின் ஆரோக்கியத்தைப் பற்றிச் செல்வியிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு சவுக்குகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள். "அவரு ஹாலு வரைக்கும் தெரியுதுண்ணா. டிவிய மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கமா திருப்பி வெக்கச் சொல்லு."

முதல் நாள் நான் சுண்ணாம்புப் புள்ளி வைத்த அதே நாலு அடிக்கு வந்து சேர, நாங்கள் எல்லோருமாகப் பாதி வேலியை வெட்டித் தள்ள வேண்டியிருந்தது.