ஒயில் கசிந்த இடம்

நிலாவெளிக் கடற்கரையில் வாடகைக்கு விடும் எங்கள் பழைய ஏ.டி.வி, மணலில் ஓடும் நாலு சக்கர மோட்டார் வண்டி, எஞ்சின் ஒயில் சொட்டிக்கொண்டேயிருந்தது. அடி நட்டைச் சரியாக இறுக்கவில்லை என்று மெக்கானிக் செல்வம் அண்ணனைப் போன மாதம் எல்லோர் முன்னாலும் ஏசி, வேலையால் நிறுத்தினேன்.

இன்று எஞ்சினைத் துடைத்து, கசியும் இடம் தெரியப் பவுடர் தூவி ஓடவிட்டேன்.

அடிப்பக்கம் காய்ந்தே இருந்தது. நனைந்தது மேல்மூடி. அதைக் கழற்றிப் பூட்டியது நான்தான்.

பவுடர்க் கையோடு நிற்கும்போது கிண்ணியா கராஜ்காரர் போனில் அழைத்தார்.

"செல்வம் இஞ்ச வேலை கேட்டு வந்து நிக்கிறார். ஆள் எப்பிடி?"

"நல்ல மனிசன். ஆனா நட்டு இறுக்கமாட்டார்."

"அப்ப சரிவராது" என்றார். பின்னால் செல்வம் அண்ணனின் இருமல் கேட்டது.

மேல்மூடி இன்னும் கசிகிறது. நல்ல மெக்கானிக் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கொஞ்சம் ரோசம் குறைந்தவராக.