பாணுக்குள் இருந்த சவுக்காரம்

திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு கடையில் மூட்டை தூக்குவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டதால், பொருள்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தோளால் தெரிந்துகொண்டதுதான். சீனி மூட்டை தோளின் வளைவுக்கு இறங்கி உட்காரும். உப்பு உட்காராது, குத்திக்கொண்டே வரும். சீமெந்து பார்வைக்கு மா மாதிரித்தான், ஒரு மழை பட்டால் கல். இதையெல்லாம் யார் யோசித்துச் செய்தார்கள் என்று வியப்பேன். யாரிடமும் கேட்டதில்லை. நாலு பேர் நடுவில் வாய் திறக்க எனக்குக் கூச்சம்.

சவுக்காரத்தை மட்டும் நான் ஒரு பொருளாகவே நினைத்ததில்லை, யுத்தகாலத்தில் ஒரு சனிக்கிழமை வரைக்கும்.

அப்போது என் வீடு மூதூருக்கு அப்பால் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து போவேன். எதைக் கொண்டுபோகலாம், எதைக் கூடாது என்பதை இறங்குதுறையில் சோதிக்கும் படையினர் சொல்வார்கள். அந்த மாதம் வாசனைச் சவுக்காரம் ஆளுக்கு ஒன்று விட்டார்கள். உடுப்புத் தோய்க்கிற பார் சவுக்காரம் விடவில்லை. எங்களுக்குக் கைப்பிள்ளை. வெறும் தண்ணீரில் அலசிய துணி பட்டுப் பட்டுப் பிள்ளையின் தொடையெல்லாம் சிவந்துபோயிருந்தது. ஆகவே பேக்கரிப் பாண் ஒன்றின் அடியை வெட்டி, உள்ளே இருந்த மெதுவான பகுதியைத் தின்றுவிட்டு, பார் சவுக்காரத் துண்டொன்றை அதற்குள் வைத்து மூடினேன். சோதனையில் பாணை ஒருவரும் தூக்கிப் பார்க்கவில்லை.

அதே லோஞ்சில் தடுப்பூசி போடுகிற மிஸ்ஸியும் இருந்தார். மடியில் ஐஸ் போட்ட மருந்துப் பெட்டி. மூதூரில் தாய்மார் அன்று காலை பிள்ளைகளோடு காத்திருந்தார்கள், என் மனைவியும்தான். அங்கே கரண்ட் இல்லை. ஐஸ் இருக்கும்வரைதான் அந்த மருந்து மருந்து.

நடுக்குடாவில் எஞ்சின் நின்றது. எஞ்சின்காரர் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம், என்னைவிட வயது குறைந்தவர். குனிந்து பார்த்துவிட்டு, டாங்கியின் அடி வெடித்து டீசல் ஒழுகிவிட்டது என்றார்.

"கானில இன்னும் கொஞ்சம் டீசல் கிடக்கு. ஓட்டையை அடைச்சாத்தான் ஊத்தலாம்."

"மெழுகுதிரி இருக்கு, நானா," என்று ஒருவர் நீட்டினார்.

"டீசலில கரைஞ்சு போகும்."

"தார்?"

"தார் அதுக்குச் சொந்தக்காரன். ரெண்டும் சேர்ந்து ஓடிரும்."

தொதல் இனிப்பு விற்கப் போன ஒரு உம்மா தன் பெட்டியைத் திறந்தார். "இத அப்பிப் பாருங்க மகன். பல்லுல பிடிச்சா விடாது."

"பல்லுல பிடிக்கும் உம்மா, தகரத்தில பிடிக்காது. உங்கட தொதல்ல எண்ணெய் கூட."

"திங்கக்குள்ள சொல்லல்லியே," என்றார் உம்மா. லோஞ்சு சிரித்தது.

சிலர் வாசனைச் சவுக்காரத்தை நீட்டினார்கள். எஞ்சின்காரர் ஒன்றை விரலால் அழுத்தினார். அது பொருக்காக உதிர்ந்தது. "இது காய்ஞ்சு இறுகினது. பார் சவுக்காரம் எண்டா களி மாதிரிப் பிசையலாம். டீசலுக்கும் கரையாது. ஆருட்டயும் இருக்கா?"

ஒருவரும் பையைத் திறக்கவில்லை. மிஸ்ஸி பெட்டி மூடியைக் கொஞ்சம் நீக்கிப் பார்த்து உடனே மூடினார். "இன்னும் ஒரு மணித்தியாலம் தாங்கும். அதுக்குப் பிறகு ஏலாது."

பாண் என் மடியில் கனத்தது. வெளியே எடுத்தால் முழு லோஞ்சுக்கும் தெரியும். மூதூர்த் துறையிலும் சோதனை உண்டு. அங்கே ஒருவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் என் பிள்ளையின் மருந்தும் இருந்தது. எழுந்து போய் எஞ்சின்காரரிடம் பாணை நீட்டினேன்.

"எனக்குப் பசி இல்ல அண்ணன். நான் சவுக்காரமல்லவா கேட்டன்."

"உடையுங்கோ," என்றேன்.

உடைத்தார். மஞ்சள் துண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

"எந்த பேக்கரி அண்ணை? இனி நானும் அங்கதான் பாண் வாங்குவன்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். என் காது சுட்டது.

எஞ்சின்காரர் பாதியை வெட்டிப் பிசைந்தார். கைச்சூட்டில் அது இளகியது. தகரத்தைத் துடைத்து, வெடிப்பில் பெருவிரலால் தேய்த்து, மேலே சைக்கிள் டியூப் பட்டியை இறுக்கிக் கட்டி, டீசலை ஊற்றினார். ஒரு துளி கசியவில்லை. தண்ணீரைக் கண்டால் நுரைத்து ஓடிப்போகிற பொருள், டீசலுக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றது. வழி முழுக்க அதையே பார்த்துக்கொண்டு போனேன்.

துறையில் சோதித்தவர் என் உடைந்த பாணை முகர்ந்து, முகத்தைச் சுளித்துத் திருப்பித் தந்தார். பின்னால் லோஞ்சு ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மிச்சச் சவுக்காரம் எங்கே போனது என்று தெரியவில்லை, நானும் கேட்கவில்லை.

மிஸ்ஸி பெட்டியைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். கொட்டைப்பாக்கு அளவு ஐஸ் ஒன்று இன்னும் மிதந்துகொண்டிருந்தது. என் பிள்ளைக்கு ஊசி போட்டு, அது அழுது ஓய்ந்ததும், மிஸ்ஸி பிள்ளைகளின் கார்டுகள் இருந்த பைக்குள் கைவிட்டு, பேப்பரில் சுற்றிய ஒன்றை என் மனைவியிடம் கொடுத்தார்.

"எஞ்சின்காரர் தந்தவர். பிள்ளையின்ர துணிக்கு."

மனைவி முகர்ந்து பார்த்தாள். "என்னப்பா, டீசல் மணக்குது?"

"அது கை பட்ட மணம். தோய்க்கப் போயிடும்," என்றேன்.