முண்டியம்பாக்கத்து ஊமை டிவி

டிவி ரிப்பேருக்குப் போகும் வீட்டில் நான் ஒருவரையும் நம்புவதில்லை. “தானா நின்னுடுச்சுங்க” என்பார்கள். திறந்தால் உள்ளே மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல், கிடக்கும். அவர்களும் என்னை நம்புவதில்லை. நல்ல ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு ஓட்டை ஸ்பீக்கரை மாட்டிவிடுவேனாம். அதற்காகவே விழுப்புரம் பக்கத்தில் பலர், நான் வருவதற்கு முன்பே பின்மூடித் திருகாணிகள்மேல் நெயில் பாலீஷால் பொட்டு வைத்துவிடுவார்கள். கண் மறைவில் கழற்றினால் பொட்டு பெயர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

போன மாதம் முண்டியம்பாக்கத்தில் ஒரு வீடு. பின்பக்கம் புடைத்த பழைய டிவி. படம் வருகிறது, சத்தம் இல்லை. ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி முடித்து வந்த மருமகள் சிவந்த கண்களோடு என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டிலில் மாமனார். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

“அவருக்குப் படம் எதுக்குங்க, சத்தம் வந்தா போதும். நான் தூங்கற நேரத்துல அதான் அவருக்குத் தொண. ஒரு வாரமா சும்மா குந்திக்கினு கெடக்கறாரு” என்றார்.

ஆறு திருகாணியிலும் சிவப்புப் பொட்டு. ஒன்றும் பெயரவில்லை. ஆக, உள்ளே யாரும் கை வைக்கவில்லை. மருமகள் எதிரிலேயே திறந்தேன். ஸ்பீக்கர் ஒயரைப் பிரித்து பென் டார்ச் பேட்டரியில் தொட்டதும் ‘கரக்’ என்றது. ஸ்பீக்கர் நல்லாத்தான் இருந்தது; ஒயரை மறுபடி மாட்டினேன். அடுத்து முன்பக்கத்து இயர்போன் துளையை ஊசியால் நோண்டினேன். எதுவோ தட்டியது. இழுத்தால் விளக்குமாற்றுக் குச்சி! அந்தத் துளையில் எதையாவது நுழைத்தால் ஸ்பீக்கருக்குச் சத்தம் போகாது. குச்சியை அளவாக ஒடித்து, வெளியே தெரியாமல் அழுத்தியிருந்தார்கள்.

இந்த வீட்டில் பகலில் தூங்குவது யார்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் தெரியாத மனுஷனின் ஒரே துணையை அடைத்துவிட்டு, என்னைச் சந்தேகப்பட்டுப் பொட்டு வேறு வைக்கிறாளே!

மருமகள் டீ போட உள்ளே போனதும் கட்டிலருகே குனிந்தேன். “பெரியவரே, யாரோ வேணும்னே குச்சிய சொருவியிருக்காங்க. உங்க மருமவதான்…”

அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். “ஐயோ, நான்தாம்ப்பா! அந்தப் பொண்ணு ராவெல்லாம் நின்னுட்டு வருது. வந்ததும் எனக்கு டிவிய சத்தமா வெச்சுட்டுத்தான் படுக்கும். வேணாம்னா கேக்காது. அப்புறம் தூக்கம் வராம பொரண்டுக்கினே கெடக்கும். முந்தி இயர்போன் சொருவுனா வெளிய சத்தம் நிக்கும்ல, அந்த நெனப்புல தடவிப் பாத்து சொருவுனேன். ரிப்பேர்னாதான் டிவிய வெக்காம உடும். சொல்லிடாத.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். உடைக்காத மருமகளையே பிடித்துக்கொண்டவன் நான்.

சோதித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் இயர்போன் பையில் கிடந்தது. துளையில் சொருகி பெரியவர் காதில் மாட்டினேன். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலை மெதுவாக ஆட ஆரம்பித்தது.

மருமகள் டீயோடு வந்தார். “என்னாங்க கோளாறு?”

“துளையில தூசி.”

“தூசிக்கா ஒரு வாரம்?” என்றவர் குனிந்து உள்ளே பார்த்தார். முன்பு ஒருமுறை ரிப்பேருக்குத் திறந்தபோதே ஸ்பீக்கரிலும் ஒரு பொட்டு வைத்திருந்தார். அது பத்திரமாக இருந்தது. “இல்ல, நீங்க என்னாவோ மறைக்கறீங்க” என்றார்.

நான் குச்சி இருந்த சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு பின்மூடியை எடுத்தேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என்னைக் காவல் காத்தார். மூன்றாவது திருகாணியை முடுக்குவதற்குள் குறட்டை கேட்டது.

பெரியவர் ஒரு காதின் இயர்போனை எடுத்துவிட்டு அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.